கம்பவுண்டர் ராசப்பன் போட்ட ஊசி

ராசப்பன் முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது வள்ளிக்கண்ணுவுக்குப் பதினொரு வயது. ஐம்பத்து மூன்றாம் வருஷம். சர்க்கரை நோய் என்று திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இனி தினமும் காலையில் ஓர் ஊசி என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று நடந்த பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருந்தது.

எந்தக் கையால் எழுதுவாய் என்று அவர் முதலில் கேட்டார். வலது கை என்றாள். அப்படியானால் இன்றைக்கு இடது கை என்று சொல்லிவிட்டு, சின்னஞ்சிறு மருந்து பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். விரலில் கிடந்த செப்பு மோதிரம் கண்ணாடியில் பட்டு டிக் டிக் என்றது. கதவோரமாக நின்ற அம்மா மயிலம்மாள், வலிக்கவே வலிக்காது, எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்றாள். வள்ளிக்கண்ணு அம்மா பக்கம் திரும்பாமல் அவரைக் கேட்டாள்.

"வலிக்குமா மாமா?"

"வலிக்கும். குத்துறப்போ கொஞ்சம். மருந்து உள்ள போறப்போ லேசா எரியும். நீ பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வலிக்கும்."

"எப்ப நிறுத்துவீங்க?"

அவர் பாட்டிலை உருட்டுவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "நிறுத்த முடியாது பாப்பா. நிறுத்தினா நீ இருக்க மாட்டே."

பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று மயிலம்மாள் சீறினாள். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றார் அவர். வள்ளிக்கண்ணு எண்ண ஆரம்பித்தாள். ஏழு வரும்போதே ஊசி வெளியே வந்துவிட்டது. ஏழுதான் ஆச்சு என்றாள். உங்கப்பா வாழைக்காய் எண்ற மாதிரி இழுத்து இழுத்து எண்ணினா அப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அதுவரை எல்லோரும் அவளிடம் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரியாகாது என்று சொன்ன முதல் ஆள் ராசப்பன். அவரை அவள் நம்பத் தொடங்கியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

ராசப்பனுக்குச் சொந்த ஊர் சமயபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சிற்றூர். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவச் சேர்ந்து, மருந்து கலக்கக் கற்று, கம்பவுண்டராக ஆனவர். டிஸ்பென்சரி எட்டு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னால் ஏழெட்டு வீடுகளுக்குப் போய் ஊசி போட்டுவிடுவார். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கண்ணாடி சிரிஞ்சு, ஸ்பிரிட், பஞ்சு, ஊசி தீட்டுகிற சின்னக் கல். போகிற வீட்டு அடுப்பிலேயே வெந்நீர் வைத்து ஊசியைக் கொதிக்கவிடுவார். மழை பெய்தாலும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலும் ஆறரை மணிக்கு வள்ளிக்கண்ணு வீடு இருந்த மேலூர் சாலையில் அவருடைய சைக்கிள் மணி கேட்கும். சட்டையில் ஒரு கறை இருக்காது. தெருவில் பேர் ஊசி ராசப்பன். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வள்ளிக்கண்ணு வீட்டில் மருந்தைக் கெடாமல் காத்ததும் அவர் சொன்ன முறைதான். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணல், மணலுக்குள் ஒரு சின்னக் கலயம், கலயத்துக்குள் பாட்டில். புதுப் பாட்டில் திறக்கிற அன்றைக்கு வள்ளிக்கண்ணு அதன் மேல் ஒட்டிய தாளில் மசியால் தேதி எழுதுவாள். அவள் கான்வென்டில் தமிழும் இங்கிலீஷும் படித்தவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் இங்கிலீஷ் தாளை அவர் அவளிடம் கொடுத்து, என்ன போட்டிருக்கான் பாப்பா என்பார். அவள் படித்துத் தமிழில் சொல்வாள். காய்ச்சல் வந்தால் சர்க்கரை ஏறும், மருந்தை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதையும் படித்துச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பதினாலு வயதில், நானே போட்டுக்கொள்கிறேன், சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "அப்புறம் நான் எதுக்கு? நான் இருக்கிற வரைக்கும் உனக்கு அந்தக் கவலை வேண்டாம்." அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அன்பாகவும் இருந்திருக்கலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குத் தோழிகளோடு சேர்ந்து, வீட்டில் சொல்லாமல், அவளும் பட்டினி இருந்தாள். காலை ஊசி வழக்கம்போல் ஏறியிருந்தது. கோயில் கூட்டத்துக்குள் வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, விழுந்தாள். வெயில் மயக்கம் என்று யாரோ விசிற, யாரோ வெங்காயம் முகரக் கொடுக்க, டிஸ்பென்சரியிலிருந்து ஓடி வந்த ராசப்பன் அத்தனை பேரையும் விலக்கிவிட்டு அவளுடைய கன்னத்துக்குள் சர்க்கரையை அடக்கித் தேய்த்தார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஊசி போட்டுக்கொண்டால் சாப்பிட வேண்டும், சாப்பிடாத வயிற்றில் மருந்து ஆளைக் கொன்றுவிடும் என்று அன்று அவர் மயிலம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மயிலம்மாள் அதை மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அறுபத்து இரண்டில் வள்ளிக்கண்ணு ஆசிரியைப் பயிற்சி முடித்து, ரயிலடிப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பங்குனி மாதம். பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக அம்மை போட்டு விழ, ஒரு புதன்கிழமை அவளுக்கும் காய்ச்சல் வந்தது. அன்று காலை புதுப் பாட்டில் திறந்து தேதி எழுதி, ராசப்பனும் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். சாயந்திரம் முதுகில் முத்துகள் தெரிந்தன.

அதோடு வீடு மாறிவிட்டது. நிலையில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. நோய் என்ற சொல்லே கூடாது, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியாள் வரக் கூடாது, மருந்து கூடவே கூடாது. அதிலும் பங்குனி, சமயபுரத்தம்மன் பக்தர்களுக்காகத் தானே பட்டினி கிடக்கிற காலம். அப்பா பெரியண்ணன் வாழை வெட்டுக்காகத் தொட்டியத்தில் இருந்தார். அம்மை கண்ட வீட்டிலிருந்து ஆள் அனுப்பக் கூடாது என்று மயிலம்மாள் அவருக்குச் சொல்லியும் அனுப்பவில்லை.

வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி வள்ளிக்கண்ணு அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள். ஊசி மட்டும் நிற்கக் கூடாது. நிற்காது, அவர் வருவார் என்றாள் அம்மா.

வந்தார். மறுநாள் காலையில் கொல்லை வழியாக, மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு வந்தார். இமையெல்லாம் முத்து போட்டு வீங்கியிருந்ததால் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஸ்பிரிட் வாசனை வந்தது. கையைக் கொடுத்தாள், எண்ணினாள், முடிந்தது. அப்படியே ஐந்து நாள்.

மூன்றாம் நாள், "இப்பல்லாம் எரியறதே இல்லையே மாமா" என்றாள்.

"உடம்பு பூராவும் எரியறப்போ இது எங்கே பாப்பா தெரியப்போவுது" என்றார் ராசப்பன்.

தாகம் தொண்டையை அடைத்தது. அம்மா தாகம் கேட்கிறாள் என்று மயிலம்மாள் இளநீரும் வெல்லம் கரைத்த பானகமும் சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சர்க்கரை ஏறினால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊசிதான் தினமும் ஏறுகிறதே. அதனால் இது அம்மையின் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஆறாம் நாள் காலை ராசப்பன் கொல்லைக் கதவருகே வரும்போதே அவள் மூச்சு வெளியே கேட்டது. ஓடி வந்தவள் மூச்சு வாங்குகிற மாதிரி ஆழமாக, நிற்காமல். பக்கத்தில் குனிந்தார். அவள் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. பெட்டியைத் திறக்கவே இல்லை. ஜட்கா கூப்பிடுங்க என்று மயிலம்மாளிடம் சொன்னார். அம்மா உடம்பில் இருக்கும்போது வாசல் தாண்டக் கூடாது என்று அவள் தடுத்தாள். அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த அவசரத்திலும் மயிலம்மாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்பார்கள் என்ற பழக்கத்தில், கலயத்திலிருந்த பாட்டிலை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும், அம்மை கேஸ் உள்ளே வரக் கூடாது, ஊருக்கு வெளியே தனிக் கொட்டகைக்குப் போங்கள் என்று வாசல்காரன் மறித்தான். டாக்டர் அற்புதசாமி படியிறங்கி வந்து, வண்டிக்குள்ளேயே தலையை நீட்டிப் பார்த்தார். இது சின்னம்மைதான், பெரியம்மை இல்லை, இந்த மூச்சுக்கும் அம்மைக்கும் சம்பந்தமில்லை, கொட்டகையில் போட்டால் மத்தியானம் தாண்டாது என்றார். வராந்தாக் கோடியில் ஒரு கட்டிலைப் போட்டு, சுற்றித் தட்டி வைத்து மறைத்தார்கள். நர்ஸ் அக்னஸ், தனக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது என்று சொல்லித் தன் மேஜையையே அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இனி நடந்ததில் பாதி வள்ளிக்கண்ணு அரை நினைவில் காதால் கேட்டது. மீதி அக்னஸ் பின்னால் சொன்னது.

கையில் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரை நீல மருந்தில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டியபோது அது செங்கல் நிறமாகத் திரும்பியது; சர்க்கரை உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் முதல் ஊசிக்கு அளவு சொல்லி, அது ஏறியதும் ராசப்பனைக் கூப்பிட்டு, எத்தனை நாளாக மருந்து நின்றது என்று கேட்டார்.

"நிக்கலைங்க. தினமும் போட்டேன். நாப்பது யூனிட்."

நேற்றும் போட்டாயா என்று டாக்டர் மறுபடி கேட்டார். நேற்றும் போட்டேன் என்றார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தினமும் நாற்பது ஏறியும் இந்த நிலை என்றால் மருந்துக்கே மசியாத உடம்பு, அடுத்த ஊசியை இரண்டு மடங்காகப் போட வேண்டும் என்றார். அக்னஸ் சிரிஞ்சைக் கையில் எடுத்தவள், என்ன தோன்றியதோ, வீட்டில் போட்ட பாட்டிலைக் கொண்டு வந்தீர்களா என்று மயிலம்மாளைக் கேட்டாள். மயிலம்மாள் யோசிக்காமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அக்னஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தேதியைப் படித்தாள்.

"திறந்து ஆறு நாளாச்சு. ஒரே ஒரு நாள் மருந்துதான் குறைஞ்சிருக்கு. மிச்ச நாள் எதை எடுத்துப் போட்டீங்க?"

ராசப்பன் தரையைப் பார்த்தார். டிஸ்பென்சரியில் இருந்த உப்புத் தண்ணீர் என்றார். பிள்ளை சாப்பிடவில்லை, சாப்பிடாத உடம்பில் மருந்து போட்டால் மயங்கிவிடும் என்றார். அவங்கம்மாவும் காலில் விழுந்து கேட்டார்கள் என்றார்.

"அது சரி," என்றாள் அக்னஸ். "இப்ப டாக்டர் கேட்டப்போ ஏன் போட்டேன்னு சொன்னீங்க?"

அந்த இரட்டை அளவு ஏறியிருந்தால் சாயந்திரத்துக்குள் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, இந்த மயக்கத்திலிருந்து அந்த மயக்கத்துக்குப் போயிருப்பாய் என்று அக்னஸ் பின்னால் வள்ளிக்கண்ணுவிடம் சொன்னாள்.

கட்டிலில் கிடந்தவளுக்கு அந்தப் பேச்சில் உப்புத் தண்ணீர் என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. அந்த நிமிஷம் அவள் நினைத்தது சாவைப் பற்றி இல்லை. ஐந்து நாளும் மோதிரச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய மருந்து கலங்கலானது, உருட்டாமல் எடுக்க முடியாது. உப்புத் தண்ணீரை உருட்டி என்ன ஆக வேண்டும்? கண் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருந்தது. கேட்காத சத்தத்தைக் கவனிக்க ஏன் தோன்றவில்லை? அவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, அதனால்தான்.

மணிக்கொரு தரம் அக்னஸ் விளக்கைப் பற்றவைத்தாள். செங்கல் நிறம் மத்தியானம் ஆரஞ்சாக மாறியது, பொழுது சாயும்போது மஞ்சள், மறுநாள் காலை பச்சை. மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. கண்ணைத் திறந்தபோது அக்னஸின் மேஜையும், வரிசையாக நிறம் நிறமாக நின்ற கண்ணாடிக் குழாய்களும்தான் முதலில் தெரிந்தன.

அம்மா அழுதாள். உன்னைக் கொல்லவா நினைப்பேன், மருந்து போட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன், ஊசி நின்றால் நீ ரகளை பண்ணுவாய் என்று அப்படிச் செய்யச் சொன்னேன், வெறும் ஊசி குத்தினதற்குக்கூட மன்னிப்புக் கேட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன் என்றாள். ராசப்பனைப் பற்றியும் சொன்னாள். அவருடைய மூத்த பிள்ளை அம்மையில் போனதாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது அவர்தானாம். அதனால்தான் பிள்ளை போயிற்று என்று அவரைப் பெற்றவளே சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மயிலம்மாள் காலில் விழுந்தபோது அதைச் சொல்லித்தான் விழுந்திருக்கிறாள்.

வள்ளிக்கண்ணு கேட்டுக்கொண்டாள். அம்மாவின் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அம்மா வலிக்காது என்று சொல்கிறவள், அவள் சொல்வதில் எதைக் கழிக்க வேண்டும் என்று ஒன்பது வருஷமாகத் தெரியும். ராசப்பன் சொன்னதில் எதையும் கழித்துப் பழக்கமில்லை. அவர் பயந்தது புரிந்தது. செத்த பிள்ளைக்காக இரக்கம்கூட வந்தது. மருந்து போடப் பயமாயிருக்கிறது பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் படுக்கையிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போக வழி தேடியிருப்பாள். சொல்லாமல் ஐந்து நாள் வந்து, கையைத் துடைத்து, அவளை எண்ணவும் வைத்து, எரியவில்லையே என்று கேட்டதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாரே, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் வேறு எத்தனை நாள் என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி வேறு நாள் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில் அக்னஸிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். முதலில் சாத்துக்குடியில், பிறகு தன் தொடையில். இதற்கா ஒன்பது வருஷம் ஒரு மனுஷருக்குக் கை நீட்டினோம் என்று இருந்தது. பாட்டிலை உருட்டும்போது அவள் கையில் சத்தமே வரவில்லை.

தெருவுக்குச் சொன்னது அவள் இல்லை. தொட்டியத்திலிருந்து திரும்பிய பெரியண்ணன் ராசப்பன் வீட்டு வாசலில் நின்று, தண்ணியைப் போட்டுக் கொல்லப் பார்த்தியே என்று கத்தியது மேலூர் சாலை முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக நின்றது. மருந்து போடாமல் ஏமாற்றினான் என்று சிலர் நிறுத்தினார்கள். அம்மை கண்ட உடம்பில் ஊசி குத்தினானே, படுபாவி என்று சிலர் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் டிஸ்பென்சரி டாக்டரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ராசப்பன் குடும்பத்தோடு லால்குடிக்குப் போய், ஒரு மருந்துக் கடையில் நின்றார். அறுபத்து ஏழில் அங்கேயே இறந்துபோனார். துஷ்டிக்கு மயிலம்மாள் போய் வந்தாள். வள்ளிக்கண்ணுவுக்கு அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது.

அவர் லால்குடிக்குப் போகும் முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஊசி போட்டு முடித்திருந்த வள்ளிக்கண்ணு வெளியே வந்தாள். அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தார். சட்டை வழக்கம்போல வெள்ளையாக இருந்தது. பின்னால் அதே தகரப் பெட்டி. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் தெருவை ஒரு தரம் இந்தக் கோடிவரை, ஒரு தரம் அந்தக் கோடிவரை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளை நீங்க என்றார்.

"நீங்களே போட்டுக்கிறீங்கன்னு தெரியும் பாப்பா. நான் போட வேண்டாம். தினமும் இந்த நேரத்துக்கு வந்து, உள்ள ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்துட்டுப் போறேன். பெட்டியக்கூடத் திறக்க மாட்டேன். உங்க வீட்டுக்கே ராசப்பன் வந்து போறான்னு நாலு பேர் கண்ணுல பட்டாப் போதும், மத்தவங்களும் கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. ஒரே ஒரு மாசம். யாராவது கேட்டா மட்டும், அவர்தான் போடறார்னு சொல்லிடுங்க."